அப்பாவும் பிள்ளையும் ஒரே புத்தகத்தில்: சில கேள்விகள், என் பதில்கள்

குழந்தைகள் நூலகத்தில் பல வருடம் கதை வாசித்துக் காட்டியவன், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. பிள்ளைகளோடு சேர்ந்து வாசிப்பது பற்றி அப்பாக்கள் கேட்ட கேள்விகளுக்கு அந்த அனுபவத்தில் பதில் எழுதுகிறேன். ஒன்றுபோல இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

குழந்தைக்கு மூன்று மாதம்தான் ஆகிறது. இப்போதே வாசித்துக் காட்டிப் பயன் உண்டா?

உண்டு. பிறந்ததிலிருந்தே வாசித்துக் காட்டும்படி அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2014இல் பெற்றோருக்குப் பரிந்துரைத்தது. இந்த வயதில் கதை புரிய வேண்டியதில்லை, உங்கள் குரல் பழகினால் போதும். பெரிய கறுப்பு வெள்ளைப் படங்கள் உள்ள கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்று எடுத்து, மடியில் வைத்துக் கிட்டத்தில் காட்டுங்கள். கடித்தால் கடிக்கட்டும்.

எனக்குச் சரளமாக வாசிக்க வராது. ஐந்து வயதுப் பையன் முன்னால் தடுமாற வெட்கமாக இருக்கிறது.

இந்தக் கேள்வியைப் பல அப்பாக்கள் என்னிடம் தனியாக வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டிருக்கிறார்கள். வார்த்தையே இல்லாத புத்தகங்கள் இருக்கின்றன. ரேமண்ட் பிரிக்ஸ் 1978இல் வெளியிட்ட 'தி ஸ்னோமேன்' அப்படித்தான், முழுக்கப் படம். ஒரு பையன் பனிமனிதன் செய்கிறான், ராத்திரி அது உயிர்பெற்று வருகிறது. இன்று நீங்கள் படம் பார்த்துக் கதை சொல்லுங்கள், நாளை அவன் சொல்லட்டும்.

எங்கள் நூலகத்துக்கு வந்த ஓர் அப்பா இதை மகனோடு பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கத்தில் பனிமனிதன் உருகிப்போய் தொப்பியும் கழுத்துத் துண்டும் மட்டும் கிடக்கும். பையன் அந்தப் படத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டான். அவர் எதுவும் சொல்லவில்லை, அவன் கையை எடுக்கும்வரை காத்திருந்தார். அப்புறம் அவனே முதல் பக்கத்துக்குத் திருப்பினான். அன்று அவர் ஓர் எழுத்துகூட வாசிக்கவில்லை. நான் பார்த்ததிலேயே நல்ல வாசிப்பு அதுதான்.

நாலு வயது மகள் தினமும் அதே புத்தகத்தைத்தான் கேட்கிறாள். பக்கம் தாண்டினால் கண்டுபிடித்துவிடுகிறாள்.

ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங் தன் மகள் ஜோசஃபினுக்குத் தூங்கும் நேரத்தில் கதை சொல்வார். ஒரு வார்த்தை மாறினாலும் அவள் விடமாட்டாளாம், அப்படியே சொல்ல வேண்டும். 1902இல் புத்தகமாக வந்தபோது அதனால்தான் 'ஜஸ்ட் சோ ஸ்டோரிஸ்' என்று பெயர், 'ஜஸ்ட் சோ' என்றால் 'அப்படியே'. அதைப் பார்க்க ஜோசஃபின் இல்லை, 1899இலேயே நிமோனியாவில் போய்விட்டாள். எனக்கு அலுப்பு வரும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

அடுத்த வார்த்தை என்ன என்று தெரிந்திருப்பது குழந்தைக்குப் பெரிய சந்தோஷம். அதனால் வரியின் கடைசி வார்த்தையை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பாருங்கள், அவளே சொல்வாள். 'ஏன் இவன் ஓடுகிறான்?' என்று நடுவில் கேட்டு, அவள் பதிலோடு ஒரு வார்த்தை சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் குழுவினரும் 1988இல் இந்த முறையை இரண்டு வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகளின் பேச்சு மற்றவர்களைவிட முன்னேறியிருந்தது. ஆனால் ஒரு தடவைக்கு இரண்டு மூன்று கேள்வி போதும். அதற்கு மேல் போனால் பரீட்சை ஆகிவிடும்.

ஒன்பது வயது மகன் தானே நன்றாகப் படிக்கிறான். இனியும் நான் வாசிக்கணுமா?

வாசியுங்கள். ரோல்டு டாலின் 'டானி த சாம்பியன் ஆஃப் த வேர்ல்டு' (1975) எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா இல்லாத பையன், கார் பழுதுபார்க்கும் அப்பா, இருவருக்கும் ஒரு பழைய வண்டிதான் வீடு. ஓர் இரவு பையன் விழித்துப் பார்த்தால் அப்பாவைக் காணோம். அவனுக்கும் அப்போது ஒன்பது வயதுதான். அப்பா அடுத்தவர் காட்டில் திருட்டுத்தனமாகப் பறவை பிடிக்கப் போயிருக்கிறார். நாம் இத்தனை பாசம் வைத்த மனிதர் செய்வது சரியா என்று உங்கள் மகன் கேட்பான். அந்தப் பேச்சுக்காகவே இதைச் சேர்ந்து படிக்கணும். ஆங்கிலம் கடினமாக இருந்தால், ஒரு பத்தியை மனதுக்குள் படித்துவிட்டுத் தமிழில் சொல்லுங்கள்.

என் பையனுக்குக் கதையே பிடிக்காது. டைனோசர், லாரி, இவைதான்.

அதையே வாசியுங்கள். அவனுக்குத் தெரிந்ததை உங்களுக்கு அவன் சொல்லிக்கொடுக்கட்டும்.

வேலைக்காக வெளியூரில் இருக்கிறேன். மாதத்தில் இரண்டு நாள்தான் வீடு.

ஒரே புத்தகத்தில் இரண்டு பிரதி வாங்குங்கள், ஒன்று உங்களிடம், ஒன்று பிள்ளையிடம். வீடியோ அழைப்பில் ஆளுக்கொரு பக்கம் வாசிக்கலாம். பிள்ளைக்குப் பத்து வயது ஆகியிருந்தால் நேரு 1928 கோடையில் பத்து வயது இந்திராவுக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாக இருக்கின்றன. பூமி எப்படித் தோன்றியது என்பதிலிருந்து ஆரம்பிப்பார். ஒரு கடிதம் படித்ததும் அதற்குப் பதில்போல நீங்களும் ஒன்று கையால் எழுதி அனுப்புங்கள்.

நானும் மகளும் அதிகம் பேசாதவர்கள். இதெல்லாம் எங்களுக்குச் சரிவருமா?

உங்கள் இருவருக்கென்றே ஒரு புத்தகம் இருக்கிறது. ஜேன் யோலன் எழுதிய 'ஆவுல் மூன்' (1987). பனி இரவில் அப்பாவும் சின்னப் பெண்ணும் ஆந்தை பார்க்கக் காட்டுக்குள் நடக்கிறார்கள். பேசினால் ஆந்தை வராது. அதனால் புத்தகம் முழுக்க இரண்டு பேரும் கிட்டத்தட்ட மௌனம்தான். நிறுத்தி நிறுத்தி வாசியுங்கள். அப்பா ஆந்தைபோலக் கூப்பிடும் இடத்தில் நீங்களும் சத்தமாகக் கூப்பிடுங்கள். ஆந்தையின் பதில் குரலை மகளுக்கு விட்டுவிடுங்கள்.