சிலிண்டர்காரர் கொடுத்த பட்டியல்

கேள்வி: வீட்டிலேயே 6 குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். அதில் 2 பேர் இன்னும் தவழ்கிறார்கள். உரிமம் புதுப்பிக்கத் தீப் பாதுகாப்புக் கருவிகள் கட்டாயம் என்கிறார்கள். விற்பனையாளர் ஒருவர் 6 கிலோ பவுடர் தீயணைப்புச் சிலிண்டர் 2, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் 1, தீ பட்டால் தானே வெடித்து அணைக்கும் பந்து 4 என்று பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டு, இதில் ஒன்று குறைந்தாலும் சான்றிதழ் கிடைக்காது என்கிறார். உண்மையில் எதை வாங்குவது?

பட்டியலை மடித்து வைத்துவிட்டு, அந்த 6 கிலோ சிலிண்டரை ஒரு கையால் தூக்கிக் காட்டச் சொல்லி அவரையே கேளுங்கள். 6 கிலோ என்பது உள்ளே இருக்கும் பவுடரின் எடை மட்டும்தான். இரும்பும் சேர்ந்தால் 9 கிலோ பக்கம் வரும். இடுப்பில் ஒரு குழந்தை, காலைக் கட்டிக்கொண்டு இன்னொன்று இருக்கும்போது அதை உங்களால் தூக்க முடியாது. விதியில் என்னதான் கேட்டிருக்கிறது என்பதை உரிமம் தரும் அலுவலகத்திலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விற்கிறவர் சொல்வதை விதி என்று நம்ப வேண்டாம்.

என்னைக் கேட்டால் முதலில் வாங்க வேண்டியது புகை அலாரம். அது பட்டியலில் இல்லவே இல்லை பாருங்கள்! அதில் லாபம் குறைவு, வருடா வருடம் ரீஃபில் காசும் வராது. குழந்தைகள் தூங்கும் அறைக்குள் ஒன்று, அதற்கு வெளியே நடையில் ஒன்று, இரண்டும் உட்கூரையில் இருக்கட்டும். அடுப்புக்கு நேர் மேலே மாட்டாதீர்கள். தாளிக்கும்போதெல்லாம் கத்தும், நாலாம் நாள் எரிச்சலில் நீங்களே பேட்டரியைக் கழற்றிவிடுவீர்கள். மாதம் ஒருமுறை பட்டனை அழுத்திப் பாருங்கள். 10 வருடம் ஆனதும், சத்தம் நன்றாக வந்தாலும், தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், அலாரம் அடித்துச் சின்னக் குழந்தைகள் எழுந்துவிடுவார்கள் என்று நம்பாதீர்கள். பல குழந்தைகள் அந்தச் சத்தத்திலும் தூங்கிக்கொண்டே இருக்கும். அலாரம் உங்களுக்காகத்தான்.

அப்புறம் 2 கிலோ ஏபிசி பவுடர் சிலிண்டர் ஒன்று. ஏபிசி என்றால் மரம், துணி போன்ற திடப்பொருள், பெட்ரோல் போன்ற திரவம், எரிவாயு ஆகிய மூன்று வகைத் தீக்கும் ஆனது என்று அர்த்தம். மொத்த எடை 4 கிலோவுக்குள் இருக்கும். அழுத்தினால் சுமார் 10 விநாடிதான் பீய்ச்சும். ஆகவே குப்பைக்கூடை அளவுத் தீயை அணைக்கலாம், திரைச்சீலை பிடித்துக் கூரை தொட்டுவிட்டால் அதை வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். வெளியேறும் வாசல் பக்கம், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். அடுப்படிக்குள் மாட்டினால், தீப்பிடிக்கும் நேரத்தில் தீயைத் தாண்டிப் போய்த்தான் அதை எடுக்க வேண்டியிருக்கும்.

எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் மட்டும் கதையே வேறு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கூடாது. 1 லிட்டர் தண்ணீர் ஆவியானால் கிட்டத்தட்ட 1,700 லிட்டர் ஆகும். கொதிக்கும் எண்ணெய்க்கு அடியில் போய் அது அப்படி விரியும்போது எரியும் எண்ணெயை வீடெங்கும் வீசியடிக்கும். சிலிண்டரும் வேண்டாம். பக்கத்தில் நின்று அடித்தால் அந்த வேகத்திலேயே எண்ணெய் சிதறும். பவுடர் தீயை அமுக்கினாலும் எண்ணெயின் சூட்டைக் குறைப்பதில்லை, அதனால் மறுபடி பற்றிக்கொள்ளும். கார்பன் டை ஆக்சைடிலும் இதே தொல்லை, போதாக்குறைக்கு அதன் குழல் வாயைப் பிடித்தால் கை உறைந்து புண்ணாகும். இதற்கென்றே தீப்போர்வை, அதாவது எளிதில் தீப்பிடிக்காத துணி, இருக்கிறது. அதன் ஓரத்தை உங்கள் கைமேல் மடித்துப் பிடித்து, உங்கள் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கமாகச் சட்டியை மூடுங்கள். எறியக் கூடாது. அடுப்பை அணையுங்கள், முழுக்க ஆறும்வரை திறந்து எட்டிப் பார்க்காதீர்கள். எட்டிப் பார்த்து முகம் வெந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த வெடிக்கும் பந்தா? தீ வந்து அதைத் தொடும்வரை அது சும்மா கிடக்கும். அதற்குள் அறை புகையால் நிரம்பியிருக்கும். குழந்தைகள் எடுத்து உருட்டி விளையாடத்தான் உதவும். வேண்டாம்.

சரி, ரீஃபில் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் என்னால் முடிக்க முடியாது. சாயங்காலம் சிலிண்டரை எடுத்துப்போய், துடைத்து, புது ஸ்டிக்கர் ஒட்டிக் காலையில் கொண்டுவந்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பயிற்சியில் 3 நாள் முன்னால் ரீஃபில் செய்ததாக ஸ்டிக்கர் ஒட்டிய சிலிண்டரை அழுத்தினேன். நமுத்த பட்டாசு மாதிரி 'புஸ்' என்றது. பவுடர் அடியில் கட்டியாக இறுகிக் கிடந்தது. கேஜ் முள் அதுவரை பச்சையில்தான் நின்றது, ஏனென்றால் அது அழுத்தத்தை மட்டும்தான் காட்டும், பவுடரின் நிலையைக் காட்டாது. நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: வால்வும் சிலிண்டர் கழுத்தும் சேரும் இடத்தில் நகப்பூச்சால் குறுக்கே ஒரு கோடு இழுங்கள். வெறும் சோதனை என்றால் திறக்க வேண்டியதில்லை. ரீஃபிலுக்குக் காசு வாங்கினால் திறந்தே ஆக வேண்டும். திரும்பி வரும்போது கோடு கீறலே இல்லாமல் அப்படியே இருந்தால் காசு கொடுக்காதீர்கள். அரை விநாடி அழுத்திச் சோதித்துப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். வால்வில் பவுடர் சிக்கி, அழுத்தம் மெல்ல இறங்கிவிடும்.

ஆய்வுக்கு வருகிறவர்கள் சுவரில் எத்தனை சிவப்பு உருளை என்று எண்ணிவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். தவழும் 2 குழந்தையையும் எப்படி வெளியே கொண்டுபோவீர்கள் என்று ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. படிவத்தில் அதற்குக் கட்டமே கிடையாது. நானே கேட்கிறேன். வாசலைப் பூட்டி வைக்கிறீர்களா? குழந்தை தெருவுக்கு ஓடிவிடும் என்ற பயம் நியாயம்தான், ஆனால் சாவி தேடும் பூட்டு வேண்டாம். பெரியவர் கை எட்டும் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போதும். சக்கரம் வைத்த தொட்டில்கட்டில் ஒன்று வாங்கினால் தவழ்கிற இரண்டையும் ஒரே தள்ளலில் வெளியே கொண்டுபோகலாம். வாங்குவதற்கு முன் அதன் அகலத்தையும் உங்கள் வாசல் நிலையின் அகலத்தையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். கட்டில் 2 அங்குலம் அதிகமாகிக் கதவிலேயே சிக்கி நின்ற வீடு ஒன்றை ஒத்திகையின்போது பார்த்தேன். அந்த வீட்டிலும் சுவரில் 3 சிலிண்டர் தொங்கியது.