பால் எங்கே போனது?

கேள்வி: ஒரு கட்சி வளர்ந்து சீரழிந்ததைக் காட்டுக் கதையாக எழுதியிருக்கிறேன். சிங்கம் தலைவர், நரி செயலாளர், கழுதைகள் தொண்டர்கள். படித்த நண்பர்கள் “இது அவர்தானே?” என்று சிரித்துவிட்டு மூடி வைத்துவிடுகிறார்கள். எங்கே கோளாறு?

பதில்: ஆளைக் கண்டுபிடித்ததும் முடிந்துபோகிறதென்றால் நீங்கள் எழுதியது விடுகதை. இன்னொரு சிக்கலும் உண்டு. சிங்கம் பிறவி ராஜா. நரி பாட்டி சொன்ன கதையிலேயே தந்திரக்காரன். முதல் பக்கத்திலேயே கெட்டவர்களாக வருகிறவர்களை அதிகாரம் புதிதாக என்ன கெடுத்துவிடப் போகிறது?

ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’யை (1945) எடுத்துக்கொள்ளுங்கள், எழுத்தாளர் க.நா.சு.வின் மொழிபெயர்ப்பில் தமிழிலும் உண்டு. நெப்போலியன் என்ற பன்றி சோவியத் தலைவர் ஸ்டாலின், துரத்தப்படும் ஸ்னோபால் என்ற பன்றி அவருடைய போட்டியாளர் ட்ராட்ஸ்கி என்பதெல்லாம் பரீட்சை நோட்ஸ் சமாச்சாரம். எனக்கு முக்கியமாகப் படுவது ஐந்து வாளி பால்.

விலங்குகள் ஒன்றுசேர்ந்து பண்ணை முதலாளி ஜோன்ஸை விரட்டியாயிற்று. பசுக்களின் மடி கனக்கிறது, பன்றிகளே கறக்கின்றன. முன்பெல்லாம் எங்கள் தீனியிலும் கொஞ்சம் கலப்பார்களே என்கிறது ஒரு கோழி. பாலை அப்புறம் பார்க்கலாம், அறுவடைக்குக் கிளம்புங்கள் என்று வாளிகளுக்கு முன்னால் வந்து நின்றுகொள்கிறது நெப்போலியன். சாயங்காலம் திரும்பினால் பால் இல்லை. அது தினமும் பன்றிகளின் தீனிக்குப் போவது பின்னால்தான் தெரிகிறது. ஆப்பிளும் அப்படியே. விளக்கம் சொல்ல ஸ்குவீலர் என்ற பன்றி வருகிறது: எங்களில் பலருக்குப் பாலே பிடிக்காது, மூளை உழைப்புக்காகத்தான் குடிக்கிறோம், நாங்கள் சோர்ந்தால் ஜோன்ஸ் திரும்பி வந்துவிடுவான். அதற்கு மேல் யார் வாய் திறப்பார்கள்? இந்தப் பாலும் ஆப்பிளும்தான் கதையின் திருப்புமுனை என்று 1946-இல் ஒரு கடிதத்தில் ஆர்வெல்லே எழுதினார்.

அப்புறம், விலங்குகளின் சட்டங்களை எழுதிவைத்த அந்தச் சுவர். எந்த விலங்கும் கட்டிலில் உறங்கக் கூடாது என்ற சட்டத்தோடு ஒருநாள் ‘விரிப்புப் போட்டு’ என்பது சேர்ந்திருக்கிறது. சரியாகப் படிக்கத் தெரியாத குதிரை க்ளோவர், ஆட்டைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்கிறது. விரிப்பு இருந்ததாக ஞாபகமில்லை. ஆனாலும் சுவரில் இருக்கிறதே, இருந்திருக்கும் என்று போய்விடுகிறது. நான் அங்கேதான் நிறுத்தி மறுபடி படித்தேன். ஸ்டாலினைத் தெரியாதவரும் தன் அலுவலகத்தையோ சங்கத்தையோ நினைத்துக்கொள்கிற இடம் அது.

ஒன்று கூடுதலாக. விலங்குகள் கட்டிய காற்றாலையை மனிதர்கள் வெடிவைத்துத் தகர்க்கும்போது நெப்போலியன் உட்பட எல்லா விலங்குகளும் தரையில் விழுந்ததாக ஆர்வெல் முதலில் எழுதியிருந்தார். ஜெர்மன் படை நெருங்கியபோது ஸ்டாலின் மாஸ்கோவை விட்டு ஓடவில்லை என்பதால், அச்சுக்குப் போகுமுன் ‘நெப்போலியன் தவிர’ என்று மாற்றச் சொன்னார். எதிரிக்கும் சேர வேண்டியதைக் கொடுத்தால்தான் நையாண்டியை வாசகர் நம்புவார்.

ஆகவே சிங்கத்தை நீக்கிவிட்டு, மற்றவற்றோடு ஒரே தொட்டியில் தின்ற ஒரு மிருகத்தைத் தலைவராக்குங்கள். அது முதன்முதலில் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டது என்ன, அதைப் பார்த்த கழுதைக்கு என்ன சமாதானம் சொல்லப்பட்டது? அந்தப் பக்கத்தை முதலில் எழுதிவிடுங்கள். கதையின் தொடக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.