நிசேயாவில் ஓட்டுப் போட்டார்களா? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ சுற்றியது. இயேசு சாதாரண யூதப் போதகர்தான், அவர் இறந்து முந்நூறு வருடம் கழித்து கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி நிசேயாவில் பிஷப்புகளைக் கூட்டி ஓட்டெடுத்து அவரைக் கடவுளாக்கினார், பைபிளில் எந்தெந்தப் புத்தகம் இருக்கவேண்டும் என்றும் அங்கேதான் முடிவு செய்தார்கள் என்கிறார்கள். கூட வேலை செய்யும் கிறிஸ்தவ நண்பரிடம் கேட்டேன், கோபித்துக்கொண்டார். உண்மை என்ன?

ர.

அன்புள்ள ர.,

பைபிள் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அது சின்னது. 325இல் கூடிய நிசேயா சங்கத்தில், அதாவது அந்த பிஷப்புகள் மாநாட்டில், ஈஸ்டர் தேதி, பிஷப்புகளின் அதிகார எல்லை என்று என்னென்னவோ பேசினார்கள், புத்தகப் பட்டியல் பேசப்படவில்லை. இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லும் பட்டியல் 367இல் அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியுஸ் எழுதிய ஈஸ்டர் கடிதத்தில்தான் முதலில் கிடைக்கிறது.

கடவுளாக்கிய கதைக்கு வருவோம். நிசேயாவுக்கு இருநூறு வருடம் முன்பு, 112 வாக்கில், இன்றைய துருக்கியின் கருங்கடல் கரையில் பிளினி என்ற ரோமானியர் கவர்னராக இருந்தார். இந்தக் கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று டிராஜன் சக்கரவர்த்திக்கு அவர் எழுதிய கடிதம் நம் கையில் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வம்போல பாவித்துப் பாடுகிறார்கள், திருடமாட்டோம், நம்பிக் கொடுத்த பொருளை இல்லை என்று சாதிக்கமாட்டோம் என்று சத்தியம் செய்துகொள்கிறார்கள், பிறகு சேர்ந்து சாப்பிடுகிறார்கள், அதுவும் சாதாரணச் சாப்பாடுதான் என்று எழுதுகிறார். ஊழியக்காரிகள் என்று அழைக்கப்பட்ட இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததையும் சாவதானமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். எனக்கு அந்தக் கடிதத்தில் மறக்காத இடம் வேறொன்று. பலியிட்ட இறைச்சியை வாங்க ஆள் கிடைப்பதே அரிதாக இருந்தது, தான் நடவடிக்கை எடுத்தபின் மறுபடி விற்க ஆரம்பித்திருக்கிறது என்கிறார். ஒரு மதம் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைக் கறி வியாபாரத்தை வைத்து அளக்கிற அதிகாரி!

இன்னும் பின்னால் போகலாம். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் சுவிசேஷங்களுக்கும் முந்தியவை, ஆரம்பகாலத்தில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்த பவுலின் கடிதங்கள். 50களில் அவர் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தின் முடிவில், அதுவரை கிரேக்கத்தில் எழுதி வந்தவர், திடீரென்று 'மாரநாதா' என்று எழுதுகிறார். அது அரமேயம், இயேசுவும் சீடர்களும் பேசிய மொழி. 'எங்கள் ஆண்டவரே, வாரும்' என்று பொருள். கொரிந்து கிரேக்கம் பேசும் ஊர். ஆனால் அர்த்தம்கூடச் சொல்லாமல் போகிறார் என்றால், நாம் ஆமென் என்பதுபோல அது அங்கே ஏற்கெனவே நாக்கில் பழகிவிட்ட சொல். அப்படியானால் இயேசுவை ஆண்டவர் என்று அழைத்து வேண்டிக்கொள்வதை அரமேயம் பேசிய ஆரம்பகால யூதச் சீடர்களே தொடங்கிவிட்டார்கள். (கேரளத்தில் மார் தோமா என்கிறார்களே, அந்த 'மார்' இந்தச் சொல்தான்.)

கிறிஸ்து நம் பாவங்களுக்காக இறந்தார், அடக்கம் செய்யப்பட்டார், மூன்றாம் நாள் எழுந்தார் என்ற அடிப்படை நம்பிக்கையும் அதே கடிதத்தில் இருக்கிறது, எனக்குச் சொல்லப்பட்டதையே உங்களுக்குச் சொன்னேன் என்ற குறிப்போடு. பவுல் எருசலேமுக்குப் போய் இயேசுவின் முக்கியச் சீடரான பேதுருவுடன் 15 நாள் தங்கியவர், இயேசுவின் சகோதரர் யாக்கோபைப் பார்த்தவர். இவர்கள் எல்லாருமே ஒரே கடவுள் என்பதில் உயிரையே வைத்திருந்த யூதர்கள். மரத்தில் தொங்கவிடப்பட்டவன் சபிக்கப்பட்டவன் என்று அவர்களுடைய வேதமே சொல்கிறது. ஆள் சேர்ப்பதற்காக யாராவது கதை கட்டினால் சிலுவையில் செத்தவரையா மேசியா, அதாவது யூதர்கள் காத்திருந்த மீட்பர், என்பார்கள்?

சரி, நிசேயாவில் சண்டை எதற்கு? அலெக்சாந்திரியாவின் பாதிரியார் ஆரியுஸ் (நம் ஊர்ச் சண்டையில் வரும் ஆரியர் இல்லை), மகனும், அதாவது இயேசுவும், தெய்விகமானவர்தான், உலகத்துக்கு முந்தியவர்தான், ஆனாலும் தந்தையால் உண்டாக்கப்பட்டவர் என்றார். இல்லை, 'தந்தையோடு ஒரே பொருளானவர்' என்று சங்கம் தீர்மானித்தது. இயேசு வெறும் மனிதரா என்ற கேள்வியே அங்கே வரவில்லை. ஓட்டு என்றே வைத்துக்கொண்டாலும், இருநூற்றைம்பதிலிருந்து முந்நூறு பிஷப்புகள் வந்திருப்பார்கள், கடைசிவரை ஒத்துக்கொள்ளாதவர்கள் இரண்டே பேர்.

கான்ஸ்டன்டைனுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவரவில்லை. கூட்டியவர் அவர், மறுத்தவர்களை நாடு கடத்தியவரும் அவர். ஆனால் சில வருடத்தில் ஆரியுஸைத் திரும்ப அழைத்துக்கொண்டார், 337இல் சாகும் தறுவாயில் ஞானஸ்நானம் பெற்றது ஆரியுஸின் ஆதரவாளரான ஒரு பிஷப்பின் கையால். மகன் கான்ஸ்டன்டியுஸ் இன்னும் ஒருபடி மேலே போய் நிசேயாவுக்கு எதிர்க்கட்சியாகவே நின்றார். நிசேயாவை விட்டுக்கொடுக்காத அத்தனாசியுஸ் ஐந்து முறை ஊரை விட்டுத் துரத்தப்பட்டார். அரசன் கட்டளைப்படி பிறந்த நம்பிக்கை என்றால் அரசனும் அவன் வாரிசுமே அதற்கு எதிராக இவ்வளவு மல்லுக்கட்டுவார்களா?

இயேசு கடவுளா என்று என்னிடம் கேட்காதீர்கள், அதற்குச் சரித்திரத்தில் பதில் கிடையாது. அவரை அப்படி வணங்கியவர்கள் எப்போதிலிருந்து இருந்தார்கள் என்பதற்குத்தான் கிடைக்கும்.

நண்பரோடு மறுபடி பேசினால் நிசேயாவை எடுக்காதீர்கள். 'மாரநாதா' என்றால் என்ன என்று கேளுங்கள். அவருடைய வண்டியிலேயே ஒட்டியிருந்தாலும் இருக்கும்.

அன்புடன்,
கா.