காய்கறி சூப்பையே இரவுச் சாப்பாடாக வைத்துக்கொள்ள

வாசகர் கேள்வி: கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, தக்காளி எல்லாவற்றையும் நறுக்கிக் குக்கரில் ஒன்றாகப் போட்டு, மூன்று விசில் விட்டு, கார்ன்ஃப்ளார் கரைத்து ஊற்றி சூப் வைக்கிறேன். காய்கள் குழைந்துவிடுகின்றன, ஆனால் சூப்பில் சுவை இல்லை. குடித்த ஒரு மணி நேரத்தில் பசி எடுக்கிறது. மீந்ததை மறுநாள் சுடவைத்தால் நீர்த்துப் போகிறது. வாரத்தில் இரண்டு நாளாவது இதையே இரவு உணவாக வைத்துக்கொள்ள விரும்புகிறோம். வீட்டில் நான்கு பேர். மாமனாருக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. எப்படிச் செய்வது?

பதில்: நீங்கள் சொல்லும் மூன்று குறைகளுக்கும் காரணம் ஒன்றுதான். எல்லாப் பொருள்களையும் ஒரே நேரத்தில் தண்ணீரில் போட்டுவிடுகிறீர்கள். அப்படி வெந்தது தண்ணீராகவே நின்றுவிடுவதால், கடைசியில் மாவை ஊற்றிக் கெட்டிப்படுத்துகிறீர்கள். சூப்பின் கெட்டித்தன்மை அதில் வேகும் பருப்பிலிருந்தும் காயிலிருந்தும் வர வேண்டும். ஒவ்வொரு பொருளும் அதற்குரிய நேரத்தில் பாத்திரத்துக்குள் போக வேண்டும். இந்த இரண்டையும் மாற்றினால், இப்போது நீங்கள் வாங்கும் அதே காய்களை வைத்தே நல்ல சூப் வைக்கலாம்.

முதலில் கார்ன்ஃப்ளாரைப் பார்ப்போம். அது ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்துதான். புரதமோ நார்ச்சத்தோ அதில் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இல்லை. சூடான நீரில் அதன் மணிகள் நீரை உறிஞ்சி உப்புவதால் சூப் கெட்டியாகத் தெரிகிறது. ஆறி ஃப்ரிட்ஜுக்குள் போனதும் மாவுச்சத்தின் இழைகள் ஒன்றோடொன்று நெருங்கிச் சேர்ந்து, பிடித்து வைத்திருந்த நீரை வெளியே தள்ளுகின்றன. மறுநாள் அதைக் கொதிக்கவிட்டுக் கிளறும்போது, உப்பிய மணிகளும் உடைந்துபோகின்றன. தக்காளியின் புளிப்பு இதை இன்னும் விரைவாக்குகிறது. இன்னொரு காரணத்தைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. உப்புப் பார்த்த கரண்டியை அப்படியே வெதுவெதுப்பான சூப்பில் திரும்ப விட்டால், எச்சிலில் உள்ள அமிலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தை உடைத்து நீர்க்கச் செய்துவிடும். எச்சில் பட்ட கரண்டியைப் பாத்திரத்தில் விடக்கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கு வேதியியலும் துணை நிற்கிறது.

கார்ன்ஃப்ளாருக்குப் பதில் பாசிப்பருப்பைப் பயன்படுத்துங்கள். நான்கு பேருக்கு 100 கிராம், அதாவது அரை கப் போதும். வெறும் வாணலியில் மணம் வரும் வரை, நிறம் சிவக்காமல் வறுத்துக் கழுவி, ஒரு சிட்டிகை மஞ்சள்தூளும் இரண்டு கப் தண்ணீரும் விட்டு, தோல் சீவி இரண்டாக வெட்டிய ஒரு நடுத்தர உருளைக்கிழங்கையும் அதிலேயே போட்டுக் குக்கரில் மூன்று விசில் விடுங்கள். உங்கள் மூன்று விசில் இங்கேதான் பயன்பட வேண்டும். குக்கருக்குள் வெப்பம் ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். பருப்புக்கும் கிழங்குக்கும் அந்த வெப்பம் நல்லது, பீன்ஸுக்கும் முட்டைக்கோஸுக்கும் அது மிக அதிகம். பருப்பு வேகும்போது தக்காளியோ புளியோ அருகில் இருக்கக்கூடாது. தாவரச் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரைந்தால்தான் பருப்பும் காயும் மிருதுவாகும். புளிப்பு அந்தக் கரைதலைத் தடுக்கிறது. கடின நீரும் இதே வேலையைச் செய்யும் என்பதால், உங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீர் என்றால் பருப்புக்கு மட்டுமாவது குடிநீரைப் பயன்படுத்துங்கள். போர்வெல் தண்ணீரிலுள்ள கால்சியம் பெக்டினை இறுக்கிவிடுவதால், எத்தனை விசில் விட்டாலும் பருப்பு விதைவிதையாகவே நிற்கும். சிலர் ஆப்பச் சோடா சேர்ப்பார்கள். அது பருப்பை வேகவைத்துவிடும், ஆனால் தயமின் என்னும் பி1 வைட்டமினை அழித்துச் சுவையையும் கெடுக்கும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

வெந்ததும் பருப்பையும் கிழங்கையும் மத்தால் மசித்துக்கொள்ளுங்கள். மிக்ஸியில்தான் அரைப்பீர்கள் என்றால் நன்றாக ஆறவைத்து, ஜாரில் பாதிக்கு மேல் நிரப்பாமல் அரையுங்கள். சூடான பருப்பை மூடி இறுக்கி ஓட்டினால் ஆவி ஒரே நொடியில் மூடியைத் தூக்கி எறியும். கையிலும் முகத்திலும் கொதிப்புப் படும். மாமனாருக்காக ஒரு குறிப்பு: முழு சூப்பையும் வழுவழுப்பாக அரைத்துவிட வேண்டாம். மென்று தின்னும்படியான காய்த்துண்டுகள் இருந்தால் சாப்பிடும் வேகம் குறையும். கிழங்கும் அவருக்கு வேண்டாம் என்றால், தோல் சீவிய சௌசௌ அல்லது சுரைக்காயைப் பருப்போடு வேகவைத்து மசிக்கலாம். கெட்டி சற்றுக் குறையுமே தவிர சுவை குறையாது.

அடுத்தது சுவை. தண்ணீரில் வெந்த வெங்காயமும் எண்ணெயில் வதங்கிய வெங்காயமும் சுவையில் ஒன்றல்ல. பழுப்பேறும்போது பிறக்கும் மணம், ஈரம் வற்றி எண்ணெயின் சூடு ஏறிய பிறகுதான் வரும். தண்ணீருக்குள் அது நடப்பதே இல்லை. ஆகவே குக்கரை விட்டு, அடிகனமான அகன்ற பாத்திரத்தில் இரண்டு மேசைக்கரண்டி கடலை எண்ணெயோ, அதில் பாதி வெண்ணெயோ விட்டு, ஒரு பிரிஞ்சி இலையும் பொடியாக நறுக்கிய இரண்டு பெரிய வெங்காயமும் சேருங்கள். ஒரு சிட்டிகை உப்பை இப்போதே போட்டால் வெங்காயத்தின் நீர் வெளியே வந்து, கருகாமல் வதங்கும். குறைந்த தீயில் பத்து நிமிடம் ஆகும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் ஓரம் கருகும், நடுவில் பச்சை வாடை நிற்கும். ஓரங்கள் பொன்னிறமாகத் தொடங்கியதும் தட்டிய ஆறு பல் பூண்டையும், அரை அங்குலத்துண்டுகளாக வெட்டிய இரண்டு கேரட்டையும் போட்டு மூன்று நான்கு நிமிடம் பிரட்டுங்கள். அப்போது பாத்திரத்தின் விளிம்பைக் கவனித்தால், எண்ணெய் மெல்ல ஆரஞ்சு நிறமாக மாறுவது தெரியும். கேரட்டின் கரோட்டின் கொழுப்பில்தான் கரையும். எண்ணெயில் இறங்கிய அந்தச் சத்தை உடல் எளிதாக ஏற்றுக்கொள்ளும். ‘சூப்பில் எண்ணெயே கூடாது’ என்று நினைப்பவர்கள் இழப்பது சுவையை மட்டுமல்ல.

நீங்கள் ஓட்டல் சூப்போடு ஒப்பிட்டுக் கேட்கவில்லை, ஆனால் பலர் கேட்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். ஓட்டல் சூப்பின் நாவில் நிற்கும் சுவைக்குப் பெரும்பாலும் அஜினோமோட்டோதான் காரணம். 1908-இல் டோக்கியோவில் கிகுனே இகேடா என்னும் வேதியியலாளர் கொம்பு என்னும் கடற்பாசியின் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த குளுட்டமேட்டுதான் அதன் மூலப்பொருள். அதே குளுட்டமேட்டு பழுத்த தக்காளியிலும், காளானிலும், பச்சைப் பட்டாணியிலும் இயல்பாகவே இருக்கிறது. எனவே 150 கிராம் காளானை, மொட்டுக் காளானோ பால் காளானோ, துண்டுகளாக்கித் தனி வாணலியில் சிறிது எண்ணெய் விட்டு, விடும் தண்ணீரெல்லாம் வற்றி ஓரம் சிவக்கும் வரை வதக்கி வைத்துக்கொள்ளுங்கள். காளானை நேராகச் சூப்பில் போட்டு வேகவைத்தால் இந்தச் சிவந்த மணம் வராது.

அதே வாணலியில், நன்கு பழுத்த மூன்று நாட்டுத் தக்காளியை நறுக்கிப் போட்டு, எண்ணெய் பிரியும் வரை தொக்காகச் சுருட்டிக்கொள்ளுங்கள். பச்சைத் தக்காளிச் சாறு சூப்பைப் புளிக்கச் செய்யும். சுருண்ட தொக்கோ இனிப்பும் அடர்த்தியும் தரும். இதை ஞாயிற்றுக்கிழமையே செய்து ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டால் வாரநாளில் வேலை பாதியாகக் குறையும்.

சூப் கட்டிகளையும் பொடிகளையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவற்றில் உப்பு மிக அதிகம். இரத்த அழுத்தம் உள்ள வீட்டில் அவை வேண்டாம். அவற்றுக்குப் பதிலாக, நீங்கள் குப்பையில் போடும் பொருள்களிலிருந்தே சாறு எடுக்கலாம். நன்கு கழுவிய கேரட் தோல், காளான் தண்டு, கொத்தமல்லித் தண்டு, பட்டாணியின் மேல்தோடு, முத்து உதிர்த்த மக்காச்சோளக் கதிர் இவற்றை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட்டு வடிகட்டினால் போதும். எலும்புச் சாற்றைப் போல மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் காய்ச்சாறு கசக்கும். முட்டைக்கோஸ், நூக்கல், காலிஃபிளவர் இவற்றின் தண்டுகளை இதில் சேர்க்க வேண்டாம். கந்தக வாடை எழும்பி எல்லாவற்றையும் மூடிவிடும். பீட்ரூட்டும் வேண்டாம், நிறத்துக்காகத்தான் சொல்கிறேன்.

இனி எல்லாவற்றையும் சேர்க்கலாம். கேரட் வதங்கிய பாத்திரத்தில் சூடான சாற்றை (சாறு எடுக்கவில்லை என்றால் வெந்நீரை) ஒரு லிட்டர் ஊற்றி, அடியில் பழுப்பாகப் பிடித்திருப்பதை மரக்கரண்டியால் சுரண்டிக் கரையவிடுங்கள். சுவையின் பெரும்பகுதி அந்தப் பழுப்பில்தான் இருக்கிறது. கொதி வந்ததும் நறுக்கிய பீன்ஸ் 100 கிராமும், அரை கப் பச்சைப் பட்டாணியும் போட்டு, மூடாமல் எட்டு நிமிடம் வேகவிடுங்கள். மூடினால் காய்கள் வெளிவிடும் அமிலம் ஆவியோடு போகாமல் உள்ளேயே திரும்பி, பச்சை நிறத்தைப் பழுப்புப் பச்சையாக மாற்றும். பிறகு ஒரு கப் முட்டைக்கோஸ், அது ஐந்து நிமிடத்துக்கு மேல் வேகக்கூடாது. காய்கள் முக்கால் பதம் வெந்த பிறகே மசித்த பருப்பையும், தக்காளித் தொக்கையும், வதக்கிய காளானையும் சேர்த்து, அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டு இன்னும் ஐந்து நிமிடம் சிறு தீயில் விடுங்கள். அடுப்பை அணைத்த பிறகு ஒரு கைப்பிடி பாலக்கீரையைக் கிள்ளிப் போட்டால், அந்தச் சூட்டிலேயே அது வதங்கிவிடும்.

உப்பு மொத்தம் ஒன்றரைத் தேக்கரண்டிக்கு மேல் போக வேண்டாம். அது 8 முதல் 9 கிராம் வரும், அதாவது தலைக்கு 2 கிராமுக்குச் சற்று அதிகம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது என்பதால், இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. உப்புப் பார்க்க அடுப்பிலிருந்து நேராக எடுத்துச் சுவைக்காதீர்கள். கொதிக்கும் சூட்டில் நாக்குக்கு உப்பு சரியாகத் தெரியாது. ஒரு கரண்டியைக் கிண்ணத்தில் எடுத்து, குடிக்கும் பதத்துக்கு ஆறவிட்டுப் பாருங்கள். குறைவாகத் தெரிந்தால் உப்பைக் கூட்டுவதற்கு முன் எலுமிச்சைச் சாற்றையும், அப்போதே இடித்த மிளகையும் சேர்த்துவிட்டு மறுபடி பாருங்கள். பெரும்பாலும் அதற்குப் பிறகு உப்பு தேவைப்படாது. மிளகை முன்னதாகவே போட்டுக் கொதிக்கவிட்டால் காரம் நிற்கும், மணம் பறந்துவிடும்.

பசியின் கணக்குக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 54 கிராம், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்குச் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும். மூன்று வேளைக்குப் பிரித்தால் இரவுக்கு 15 முதல் 18 கிராம் ஆகிறது. 100 கிராம் பாசிப்பருப்பில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருப்பதால், உங்கள் சூப்பில் தலைக்கு 6 கிராம் பருப்பிலிருந்து வரும். பட்டாணி, காளான், மற்ற காய்கள் சேர்ந்து இன்னும் மூன்று நான்கு கிராம் தரும். ஆகவே சூப் மட்டும் தனியாக ஒரு வேளைச் சாப்பாடாகாது. மீதியை அருகில் வைத்துத்தான் நிரப்ப வேண்டும். அவித்த முட்டை ஒன்று ஏறக்குறைய 6 கிராம் தரும். சைவம் என்றால் 50 கிராம் பனீரைத் துண்டாக்கி அவரவர் கிண்ணத்தில் போடலாம், அல்லது முந்தின இரவு ஊறவைத்து அவித்த கொண்டைக்கடலையை அரை கப் சேர்க்கலாம். கொங்குப் பக்கத்து வீடுகளில் கொள்ளு எப்போதும் இருக்கும். பாசிப்பருப்புக்குப் பதில் ஊறவைத்த கொள்ளை வேகவைத்து அரைத்துச் சேர்த்தாலும் புரதம் ஏறக்குறைய அதே அளவு கிடைக்கும், ஆனால் பூண்டும் மிளகும் சற்றுக் கூடுதலாக வேண்டும். ரஸ்க்கையும் வறுத்த ரொட்டித் துண்டுகளையும் கிண்ணத்தில் மிதக்கவிடுவது எனக்கு உடன்பாடில்லை. கார்ன்ஃப்ளாரை முன்வாசலில் அனுப்பிவிட்டு மைதாவைப் பின்வாசலில் அழைத்துவரும் வேலை அது.

மாமனாருக்குச் சர்க்கரை பல ஆண்டுகளாக இருந்து, சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருந்தால், இந்தச் சூப்பைத் தொடங்கும் முன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். காய்களை வேகவைத்த நீரில் பொட்டாசியம் இறங்கியிருக்கும். சூப்பில் அந்த நீரை நாம் கொட்டுவதில்லை, குடிக்கிறோம். மற்றவர்களுக்கு அதுதான் சூப்பின் நன்மை, சிறுநீரக நோயாளிகளுக்கோ அதுவே ஆபத்தாகலாம்.

மீந்ததைப் பற்றி ஒரு வார்த்தை. பருப்பும் கிழங்கும் கலந்த சூப்பை இரவு முழுக்க அடுப்பு மேடையிலேயே மூடி வைக்கக் கூடாது. மாவுச்சத்து நிறைந்த உணவு வெதுவெதுப்பாகக் கிடந்தால் கிருமிகள் வேகமாகப் பெருகும், அவற்றில் சில விட்டுச்செல்லும் நச்சு மறுநாள் கொதிக்கவைத்தாலும் போகாது. சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள், அகன்ற தட்டையான பாத்திரத்துக்கு மாற்றி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் எவ்வளவு வேண்டுமோ அதை மட்டும் எடுத்து, இறுகியிருந்தால் அரை கப் வெந்நீர் விட்டுத் தளரக் கொதிக்கவையுங்கள். பாலக்கீரையையும் எலுமிச்சையையும் மிளகையும் அப்போதைக்கப்போது புதிதாகச் சேர்த்துக்கொள்ளலாம்.