டெக்ஸாஸில் பேஸ்பால்: எந்த அணியை, எங்கே, எப்போது பார்க்கலாம்?

தம்பி, உங்கள் கேள்வி இதுதான்: டாலஸ் அருகே ஃபிரிஸ்கோவுக்குக் குடிவந்து சில மாதங்கள் ஆகின்றன. கிரிக்கெட் தவிர வேறு ஆட்டம் பழக்கமில்லை. எட்டு வயது மகன் பேஸ்பால் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான். ரேஞ்சர்ஸ் ஆட்டத்துக்கு மூன்று டிக்கெட் எடுத்துவிடலாமா? ஆபீசில் காலேஜ் அணிகளைப் பற்றியே பேசுகிறார்களே, அது என்ன?

ரேஞ்சர்ஸ் டிக்கெட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். உங்கள் ஊரிலேயே ரேஞ்சர்ஸின் கீழ்நிலை அணி ஆடும் ரைடர்ஸ் ஃபீல்டு மைதானம் இருக்கிறது, முதல் ஆட்டத்தை அங்கே பாருங்கள். செலவு குறைவு என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியம், டெக்ஸாஸ் தொழில்முறை பேஸ்பால் பெரும்பாலும் ஒரே ஏணிதான். அதன் நடுப்படியில் நின்று பார்த்தால் மேலேயும் கீழேயும் நடப்பது விளங்கும்.

உச்சியில் இருப்பது மேஜர் லீக். மொத்தம் 30 அணிகள், ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 162 ஆட்டங்கள், மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை. டெக்ஸாஸில் இரண்டு அணிகள்: ஆர்லிங்டனில் ரேஞ்சர்ஸ், ஹூஸ்டனில் ஆஸ்ட்ரோஸ். ஒவ்வொரு மேஜர் அணிக்கும் கீழே டிரிபிள்-ஏ, டபுள்-ஏ, ஹை-ஏ, சிங்கிள்-ஏ என்று நான்கு மைனர் லீக் அணிகள் உண்டு. டெக்ஸாஸில் இருப்பவை மேலிரண்டு படிகள் மட்டும்: டிரிபிள்-ஏ மூன்று, டபுள்-ஏ ஐந்து. இந்த வீரர்களுக்குச் சம்பளம் கொடுப்பதும், யார் எங்கே ஆட வேண்டும் என்று முடிவெடுப்பதும் மேஜர் அணிதான். அதனால் நன்றாக ஆடும் ஒரு பையன் இந்த வாரம் ஃபிரிஸ்கோவில் இருப்பான், அடுத்த வாரம் ஒரு படி மேலே ரவுண்ட் ராக்கில் இருப்பான். மைனர் லீக்கில் அணியைவிட ஆளைப் பின்தொடருங்கள், சுவை அதில்தான் இருக்கிறது.

ஜாஷ் யங் நல்ல உதாரணம். சான் அன்டோனியோவில் வளர்ந்தவர், லப்பக்கில் டெக்ஸாஸ் டெக் பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2019இல் எட்டாவது ஆளாக ரேஞ்சர்ஸ் எடுத்தது. 2021இல் ஃபிரிஸ்கோ, அதே ஆண்டில் ரவுண்ட் ராக், 2022 செப்டம்பரில் ஆர்லிங்டன், 2023இல் மேஜர் லீக்கின் இறுதியான உலகத் தொடர் பட்டம். அரிசோனாவில் நடந்த அந்தப் பட்டம் வென்ற ஆட்டம் தவிர, இந்தப் படிகளில் ஒவ்வொன்றையும் டெக்ஸாஸை விட்டு வெளியே போகாமலே ஒரு ரசிகர் நேரில் பார்த்திருக்க முடியும்.

ஃபிரிஸ்கோ ரஃப்ரைடர்ஸ் ரேஞ்சர்ஸின் டபுள்-ஏ அணி, 2003 முதல் அங்கே ஆடுகிறது. பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) கை சூடாக்கும் புல்பென் பார்வையாளர் இருக்கைகளுக்கு நடுவிலேயே அமைந்திருக்கிறது. மணிக்கு 95 மைல் வேகத்தில் பந்து கையுறைக்குள் விழும் சத்தத்தைச் சில அடி தூரத்திலிருந்து உங்கள் மகன் கேட்கலாம். பெரிய ஸ்டேடியத்தில் இந்த வாய்ப்பு சுலபமாகக் கிடைக்காது. மைதானத்தின் வலது பக்கம் மிதவையில் மிதந்தபடி ஆட்டம் பார்க்கும் நீரோடை ஒன்று உண்டு. அதற்கு டிக்கெட் தனி, சாதாரண டிக்கெட்டோடு உள்ளே விடமாட்டார்கள். மைனர் லீக் ஆட்டங்கள் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியுடன் ஆறாக நடக்கும், திங்கள் பெரும்பாலும் ஓய்வு. வாரக் கடைசியில் வாணவேடிக்கையும், ஞாயிறுகளில் ஆட்டம் முடிந்தபின் குழந்தைகள் பேஸ்களை (ஓட்டம் எடுக்கத் தொடும் நாலு மூலைகள்) சுற்றி ஓடுவதும் பல ஊர்களில் வழக்கம். அட்டவணையில் அந்த நாளுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து டிக்கெட் எடுங்கள். ஜூலை 4ஐ ஒட்டிய நாட்களுக்கு முன்கூட்டியே எடுக்காவிட்டால் நல்ல இடம் மிஞ்சாது.

ஆஸ்டின் பக்கம் போனால் ரவுண்ட் ராக் எக்ஸ்பிரஸ். டெல் டைமண்ட் மைதானம், டிரிபிள்-ஏ, ரேஞ்சர்ஸுக்கு நேர் கீழ்ப்படி. அணியின் பெயர் புகழ்பெற்ற பிட்சர் நோலன் ரையனின் “ரையன் எக்ஸ்பிரஸ்” என்ற பட்டப்பெயரிலிருந்து வந்தது. வெளிமைதானத்தை ஒட்டிய புல்மேட்டில் துண்டு விரித்து உட்காரலாம், சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இருக்கையைவிட அதுவே வசதி. ஹூஸ்டன் பக்கம் ஷுகர் லேண்ட் ஸ்பேஸ் கவ்பாய்ஸ், ஆஸ்ட்ரோஸின் டிரிபிள்-ஏ. 2012இல் ஸ்கீட்டர்ஸ் என்ற பெயரில், எந்த மேஜர் அணிக்கும் கீழ் வராத சுயேச்சை அணியாகத் தொடங்கி, 2021இல் ஆஸ்ட்ரோஸ் வசம் வந்து, 2022இல் இன்றைய பெயரைப் பெற்றது. 2024இல் டிரிபிள்-ஏ தேசியப் பட்டமும் அவர்களுக்கே. ஃபிரிஸ்கோ, ரவுண்ட் ராக், ஷுகர் லேண்ட் மூன்றும் நம்மவர்கள் நிறைய வசிக்கும் ஊர்கள். ஆனாலும் மைதானத்துக்குள் நம் முகங்கள் குறைவு, அது எனக்கு வருத்தமே.

இந்த மூன்று ஊர்களுக்கும் ஒரு சிறப்பு உண்டு. காயத்திலிருந்து தேறும் மேஜர் லீக் நட்சத்திரத்தை நேராக மேலே இறக்க மாட்டார்கள், சில ஆட்டங்கள் மைனர் அணியில் ஆடவிட்டுப் பார்ப்பார்கள். அதை ரிஹாப் ஆட்டம் என்பார்கள். ஒன்றிரண்டு நாள் முன்புதான் செய்தி வரும். வந்த அன்றே டிக்கெட் எடுத்துவிட்டால் ஆர்லிங்டனில் தூரத்திலிருந்து பார்க்க வேண்டியவரைப் பத்தாவது வரிசையிலிருந்து பார்க்கலாம்.

மற்ற மைனர் அணிகளுக்காகத் தனியாகப் பயணம் வேண்டாம், அந்தப் பக்கம் போகும்போது பாருங்கள். கார்பஸ் கிறிஸ்டி ஹூக்ஸ் ஆஸ்ட்ரோஸின் டபுள்-ஏ அணி, துறைமுகத்தை ஒட்டிய மைதானம், கடற்காற்று வரும். சான் அன்டோனியோ மிஷன்ஸ் சான் டியாகோ பாட்ரேஸின் டபுள்-ஏ அணி. எல் பாசோ சிவாவாஸ் அதே பாட்ரேஸின் டிரிபிள்-ஏ அணி. அந்த ஊர் கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது, மறக்காதீர்கள். மிட்லண்ட் ராக்ஹவுண்ட்ஸ் அத்லெடிக்ஸ் அணிக்கும், அமரில்லோ சாட் பூடில்ஸ் அரிசோனா டைமண்ட்பேக்ஸுக்கும் டபுள்-ஏ.

இந்த ஏணிக்கு வெளியேயும் அணிகள் உண்டு. டெக்ஸாஸ் சூப்பர் கிங்ஸ் ஆடும் கிராண்ட் பிரெய்ரி மைதானம் ஏர்ஹாக்ஸ் என்ற சுயேச்சை பேஸ்பால் அணிக்காக 2008இல் கட்டப்பட்டது. அந்த அணி நின்றுபோன பிறகுதான் கிரிக்கெட்டுக்கு மாற்றினார்கள். 2024 டி20 உலகக் கோப்பையில் அமெரிக்கா பாகிஸ்தானைத் தோற்கடித்ததும் அங்கேதான். இன்று டாலஸ் அருகே சுயேச்சை பேஸ்பால் பார்க்க வேண்டுமென்றால் கிளிபர்ன் ரெயில்ரோடர்ஸ்.

இனி ரேஞ்சர்ஸ். குளோப் லைஃப் ஃபீல்டு 2020இல் திறந்தது, கூரை மூடி ஏசி போடுவதால் ஆகஸ்டு மதியத்திலும் உட்காரலாம். ஆனால் ஆர்லிங்டனுக்குள் ஸ்டேடியம் வரை ரயில் கிடையாது, காரில்தான் போக வேண்டும். பார்க்கிங்கை டிக்கெட்டோடு சேர்த்து ஆன்லைனில் முன்பே வாங்குங்கள். ஆஸ்ட்ரோஸின் டெய்கின் பார்க் ஹூஸ்டன் டவுன்டவுனில் இருக்கிறது. 2024 வரை அதற்கு மினிட் மெய்ட் பார்க் என்று பெயர், பழைய பெயரிலேயே இன்னும் பலர் சொல்வார்கள். அங்கே மெட்ரோரெயிலில் கன்வென்ஷன் டிஸ்ட்ரிக்ட் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். இந்த இரண்டு அணிகளும் மோதும் நாட்களில் டிக்கெட் விலை ஏறும். மேஜர் லீக்கின் ஒரு பாதியான அமெரிக்கன் லீக்கின் 2023 இறுதித் தொடரில் இவர்கள் மோதிய ஏழு ஆட்டங்களிலும் விருந்தாளி அணியே வென்று, ரேஞ்சர்ஸ் 4-3 என்று முன்னேறியது. ஆஸ்ட்ரோஸை வெளியூர்க் கூட்டம் கூச்சலிட்டு வரவேற்பதற்குக் காரணம், 2017இல் அவர்கள் கேமரா வைத்து எதிரணி கேட்சர் (விக்கெட் கீப்பர் போன்றவர்) பிட்சருக்குக் காட்டும் சைகைகளைத் திருடியது. விசாரணை முடிந்து 2020இல் 50 லட்சம் டாலர் அபராதம் விதித்தார்கள்.

காலேஜ் பேஸ்பாலுக்கு வருவோம். டெக்ஸாஸ்காரர்கள் உயிரை விடுவது இதற்காகத்தான். சீசன் பிப்ரவரி நடுவில் தொடங்கி மே வரை, அதிகபட்சம் 56 ஆட்டங்கள். வெள்ளி, சனி, ஞாயிறு ஒரே எதிரணியுடன் மூன்று ஆட்டங்கள், நடுவாரத்தில் பெரும்பாலும் செவ்வாயன்று ஒன்று. அணியின் முதன்மை பிட்சர் வெள்ளிக்கிழமை வீசுவார், நல்ல ஆட்டம் வேண்டுமென்றால் வெள்ளி இரவு போங்கள். செவ்வாய் டிக்கெட் மலிவு, ஆனால் அன்று வீசுவது அனுபவம் குறைந்த பையன்கள். நாலு பந்தைத் தவறாக வீசி பேட்டரை இலவசமாக முதல் பேஸுக்கு நடக்கவிடுவது அதிகமாகி ஆட்டம் இழுக்கும். மாணவர்கள் உலோக மட்டையில் ஆடுகிறார்கள், தொழில்முறையில் மரம் மட்டுமே. அடித்ததும் எழும் கணீர் ஓசையிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஆஸ்டினில் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் லாங்ஹார்ன்ஸ் 1949, 1950, 1975, 1983, 2002, 2005 என ஆறு தேசியப் பட்டங்கள் வென்ற அணி. மைதானம் டிஷ்-ஃபாக், ஐ-35 நெடுஞ்சாலை ஓரமாகவே இருக்கிறது. காலேஜ் ஸ்டேஷன் ஊரில் உள்ள டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2024 இறுதித் தொடரில் டென்னசியிடம் தோற்றது. அடுத்த நாளே அவர்களுடைய பயிற்சியாளர் ஜிம் ஷ்லாஸ்நேகல் பரம எதிரியான லாங்ஹார்ன்ஸுக்குப் போய்விட்டார். இரண்டு அணிகளும் இப்போது ஒரே எஸ்இசி கூட்டமைப்பில் மோதுகின்றன, அந்த வார டிக்கெட் கிடைப்பது கஷ்டம். ஏ அண்ட் எம் மைதானத்தில் எதிரணி பிட்சர் நாலு பந்து தவறவிட்டதும் கூட்டம் “பால் ஃபைவ்” (ஐந்தாவது தவறிய பந்து) என்று தொடங்கி, அடுத்த ஸ்டிரைக் (பிட்சருக்குச் சாதகமான பந்து) விழும்வரை எண்ணிக்கொண்டே போகும். மகனுக்கு நிச்சயம் பிடிக்கும்.

உங்களுக்கு வசதியானவை டாலஸ் வட்டாரத்து அணிகள். ஃபோர்ட் வொர்த்தில் டிசியூ (டெக்ஸாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்), தென்மேற்கு டாலஸில் டாலஸ் பாப்டிஸ்ட், ஆர்லிங்டனில் யூடி ஆர்லிங்டன் (டெக்ஸாஸ் பல்கலைக்கழகம், ஆர்லிங்டன்). டாலஸ் பாப்டிஸ்ட் சின்னப் பல்கலைக்கழகம், மற்ற விளையாட்டுகளில் இரண்டாம் பிரிவில் ஆடுகிறது, பேஸ்பாலில் மட்டும் முதல் பிரிவு. நம்பி முதலில் அங்கே போங்கள். மைதானம் சிறியது, ஆட்டம் தரமானது. ஹூஸ்டனில் 2003 பட்டம் வென்ற ரைஸும், ஹூஸ்டன் பல்கலைக்கழகமும் உண்டு. மே கடைசியில் தேசியப் பட்டத்துக்கான போட்டிக்கு 64 அணிகள் தேர்வாகி, நாலு நாலாக 16 ஊர்களில் ஆடும், கடைசி எட்டு அணிகள் ஜூனில் நெப்ராஸ்காவின் ஒமாஹாவுக்குப் போகும். பெரிய பெயருக்கு அங்கே உத்தரவாதமில்லை. 2025இல் ஆஸ்டின் மைதானத்திலேயே லாங்ஹார்ன்ஸை வெளியேற்றியது சான் அன்டோனியோவின் யூடிஎஸ்ஏ பல்கலைக்கழகம்.

கிரிக்கெட் கண்ணுக்கு நாலு விஷயம் தெரிந்தால் முதல் ஆட்டம் புரியும். மூன்று பேர் அவுட்டானால் பாதி இன்னிங்ஸ் முடிந்தது, இரண்டு அணியும் ஆடினால் ஒரு முழு இன்னிங்ஸ், அப்படி ஒன்பது. லேட் கட், லெக் கிளான்ஸ் போலப் பின்னால் போகும் அடியெல்லாம் ஃபவுல். இரண்டு ஸ்டிரைக் (மூன்றானால் அவுட்) ஆகும்வரை ஃபவுல் ஸ்டிரைக்காகக் கணக்கில் சேரும், அதன் பிறகு மட்டையை முழுதாக வீசி எத்தனை ஃபவுல் அடித்தாலும், கேட்ச் ஆகாத வரை பேட்டர் நிற்கலாம். ஃபேர் பகுதிக்குள் (முன்னால் இரண்டு கோடுகளுக்கு நடுவே) தரையில் அடித்துவிட்டால் ஓடியே ஆக வேண்டும், “நோ” சொல்லி நிற்க முடியாது. வெளியே எடுத்த வீரர் அந்த ஆட்டத்தில் திரும்ப வர முடியாது, அதனால்தான் பிட்சரை மாற்றும் நேரத்தைப் பற்றி இவ்வளவு வாக்குவாதம்.

இருக்கை விஷயம். பெரும்பாலான மைதானங்கள் பேட்டர் கிழக்கு, வடகிழக்கைப் பார்த்து நிற்கும்படி கட்டப்பட்டவை. மாலை வெயில் முதலில் விலகுவது மூன்றாம் பேஸ் பக்கம், அதாவது பேட்டர் நிற்கும் இடத்துக்குப் பின்னாலிருந்து மைதானத்தைப் பார்த்தால் இடது பக்கம். கூரையில்லாத மைதானத்தில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை அந்தப் பக்கமே டிக்கெட் எடுங்கள். மைதானத்துக்கு மைதானம் திசை மாறும், வரைபடத்தில் ஒருமுறை சரிபாருங்கள். பையனோடு போவதால் வலைக்குப் பின்னால் உட்காருங்கள். 2019 மே மாதம் ஹூஸ்டனில் ஃபவுல் பந்து பட்டு ஒரு சிறு குழந்தை காயப்பட்ட பிறகு மேஜர் மைதானங்களில் வலையை இன்னும் நீட்டினார்கள். வலை இல்லாத இடத்தில் இருந்தால் பிட்சர் வீசும்போது போனைப் பார்க்கக் கூடாது.

டிக்கெட் போனில்தான் வரும். உள்ளே சிக்னல் மந்தமாகிவிடும், வீட்டிலேயே வாலெட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். பல இடங்களில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பைக்கு மட்டும் அனுமதி. பை அளவு, தண்ணீர் பாட்டில், வெளி உணவு விதிகள் மைதானத்துக்கு மைதானம் வேறு, முதல் நாள் அவர்கள் தளத்தில் பாருங்கள். சைவமென்றால் பிரெட்ஸல், வேர்க்கடலை, பாப்கார்ன், சீஸ் நாச்சோஸ். மசித்த பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது உண்டு, கேட்டு வாங்குங்கள். ஹாட் டாக் பெரும்பாலும் மாட்டிறைச்சி.

டிவிக்காக எம்எல்பி டிவி சந்தா மட்டும் எடுத்துவிடாதீர்கள். நீங்கள் வசிக்கும் பகுதி ரேஞ்சர்ஸுக்கும் ஆஸ்ட்ரோஸுக்கும் உள்ளூராகக் கணக்காகும், நேரலையில் அந்த ஆட்டங்களை அது காட்டாது. ரேஞ்சர்ஸுக்கென உள்ளூர் ஒளிபரப்புச் சந்தாவை எடுக்க வேண்டும். அதற்குப் பணம் போடுமுன் பிப்ரவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். காலேஜ் சீசனின் முதல் வாரக் கடைசியில் குளோப் லைஃப் ஃபீல்டிலேயே பல பல்கலைக்கழக அணிகள் கூடி ஆடும் போட்டி நடக்கும். ஒரே டிக்கெட்டில் ஒரு நாளைக்கு எத்தனை ஆட்டம் பார்க்கலாம் என்பதை வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். கூரைக்குள் குளிர் தெரியாது. அதே வாரம் டாலஸ் பாப்டிஸ்டுக்கோ டிசியூவுக்கோ இரவில் போனால் மூன்று பேருக்கும் ஜாக்கெட்டும் ஒரு கம்பளியும் எடுத்துப் போங்கள்.