ரேங்க் செல்லாத இடத்தில் பயிற்சி தருவது எப்படி? முன்னாள் படைவீரர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கம்மவான்பேட்டைதான் சொந்த ஊர். காலாட்படையில் 26 ஆண்டு சேவை முடித்து, நாயப் சுபேதாராக அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறேன். பயிற்சி மையத்தில் இன்ஸ்ட்ரக்டராகவும் இருந்திருக்கிறேன். ஊரில் யாரைக் கேட்டாலும் செக்யூரிட்டி வேலைக்குத்தான் வழி சொல்கிறார்கள். கம்பெனிகளில் தலைமைப் பயிற்சி தரும் வேலைக்கு நான் போக முடியுமா?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் ‘லீடர்ஷிப் பயிற்சியாளர்’ என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டு நேராகச் சென்னையின் பெரிய அலுவலகங்களுக்குப் போகாதீர்கள். உங்களுக்கு ஏற்ற வேலை பக்கத்திலேயே இருக்கிறது. ராணிப்பேட்டை சிப்காட், ஆம்பூர், வாணியம்பாடி ஆலைகளில் முதல்நிலை சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி தருவதிலிருந்து தொடங்குங்கள்.

காரணம் இதுதான். பல ஆலைகளில் நன்றாகத் தைப்பவரையோ, மெஷினை நன்றாக ஓட்டுபவரையோ ஒரு நாள் சூப்பர்வைசர் ஆக்கிவிடுகிறார்கள். ஆட்களை நடத்துவது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. கத்தத் தொடங்குகிறார், லைனில் லீவு கூடுகிறது, நல்ல கைகள் வேறு ஆலைக்குப் போய்விடுகின்றன. படையில் இப்படி நடக்காது. ஹவில்தார் பட்டை ஏறும் முன் புரமோஷன் கேடர் என்ற பதவி உயர்வுப் பயிற்சியில் தேறியாக வேண்டும். ‘பதவி தரும் முன் பயிற்சி’ என்ற இந்த ஏற்பாட்டைத்தான் நீங்கள் கம்பெனிக்குக் கொண்டுபோகிறீர்கள். மனிதவள மேலாளரிடம் பேசும்போதும் உங்கள் ரேங்க்கை விட்டுவிட்டு இதைச் சொல்லுங்கள்.

ஒரு வகுப்பு எப்படி இருக்க வேண்டும் என்று பார்ப்போம். 12 முதல் 15 சூப்பர்வைசர்கள், இரண்டு மணி நேரம், எடுத்துக்கொள்வது ஒரே ஒரு பிரச்சினை. ‘காலை ஷிஃப்டில் தையல் லைனில் ஒரு ஆள் வரவில்லை, பக்கத்து லைனிலிருந்து ஒருவரைக் கேட்டு வாங்க வேண்டும், அங்குள்ள சூப்பர்வைசர் தரமாட்டேன் என்கிறார்.’ சூழலை விளக்கப் பத்து நிமிடம் போதும். அடுத்த இருபது நிமிடம் இருவர் இருவராக நடித்துப் பார்க்கட்டும். மீதி நேரம் முழுக்க நான்கே கேள்விகள்: என்ன செய்ய நினைத்தோம், என்ன நடந்தது, ஏன் அப்படி நடந்தது, அடுத்த முறை எதை மாற்றுவோம்? போர்ப் பயிற்சி (எக்சர்சைஸ்) முடிந்ததும் நடந்ததை அலசும் டீபிரீஃப்தான் இது, உங்களுக்குப் பழகியது. ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனியுங்கள். இங்கே எல்லோரிலும் இளையவர்தான் முதலில் பேச வேண்டும். சீனியர் வாய் திறந்துவிட்டால் மற்றவர்கள் அதையேதான் திருப்பிச் சொல்வார்கள். கேள்வி கேட்டுவிட்டு நீங்களும் பத்து விநாடியாவது வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். படையில் பழகியவர்களுக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம்.

வகுப்பு முடிந்ததோடு உங்கள் வேலை முடிந்துவிடாது. ஒரு மாதம் கழித்து அதே லைனுக்குப் போய் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். ஷிஃப்ட் தொடங்கும் முன் அன்றைய இலக்கைச் சொல்கிறாரா, தவறு செய்தவரைத் தனியே அழைத்துப் பேசுகிறாரா, வேலை கொடுத்த பிறகு ‘புரிந்ததைச் சொல்லுங்கள்’ என்று கேட்கிறாரா? இந்த மூன்றையும் ஆம், இல்லை என்று குறித்து ஒரு பக்க அறிக்கையாகக் கொடுங்கள். வகுப்பின் முடிவில் எழுதி வாங்கும் ‘மிக நன்று’ கருத்துத் தாள்கள் எதையும் நிரூபிப்பதில்லை. லைனில் நடத்தை மாறியதைக் காட்டும் இந்த ஒரு பக்கம்தான் உங்களை மறுபடியும் கூப்பிட வைக்கும்.

எங்கே சறுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். படையில் ஒருவரின் லீவு, சாப்பாடு, தங்குமிடம், புரமோஷன் எல்லாம் ஒரே கமாண்டின் கையில். அதனால் உத்தரவுக்குக் கனம் உண்டு. ஆலை சூப்பர்வைசர் கையில் இதில் எதுவும் இல்லை. பிடிக்கவில்லை என்றால் தொழிலாளி அடுத்த வாரமே வேறு ஆலை வாசலில் நிற்பார். இதை மனதில் வாங்காமல் ‘ஒழுக்கம், கட்டுப்பாடு’ என்று பேசினால், கேட்பவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லைக் கதைகளும் அப்படித்தான். முதல் கதையை ஆவலாகக் கேட்பார்கள். மூன்றாவதில் வகுப்பு உங்களைப் பற்றியதாகிவிடும்.

கேள்வி: குடியாத்தத்திலிருந்து ஒரு ஹவில்தார். எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. பட்டமும் இல்லை. இதெல்லாம் தடையா?

பதில்: ஆலைத் தளத்தில் பயிற்சி தமிழில்தான் நடக்க வேண்டும். வட மாநிலத் தொழிலாளர்கள் வேலை செய்யும் ஆலைகளில் படையில் பழகிய உங்கள் இந்திக்குத் தனி மதிப்பு இருக்கிறது. தமிழ் சூப்பர்வைசருக்கும் பீகார் தொழிலாளிக்கும் நடுவில் நின்று இருவரோடும் பேசக்கூடிய பயிற்சியாளர்கள் அதிகம் இல்லை. விண்ணப்பத்தில் இதை மேலேயே எழுதுங்கள். ஆங்கிலம் தேவைப்படுவது மின்னஞ்சலுக்கும் ஒரு பக்கத் திட்டத்துக்கும்தான். அதை மூன்று மாதம் எழுதிப் பழகினால் போதும்.

பட்டம் விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. 15 ஆண்டு சேவையை வைத்துத் தரப்படும் பட்டப்படிப்புச் சமானச் சான்றிதழ், முன்னாள் படைவீரர்களுக்கு ஒதுக்கப்படும் குரூப் சி அரசுப் பணிகளை மனதில் வைத்துத் தருவது. தனியார் நிறுவனம் அதை ஏற்பதும் ஏற்காததும் அதன் விருப்பம். சேவையில் இருக்கும்போதே இக்னோவில் சேர்ந்து ஒரு டிகிரி முடித்துவிடுவது நல்லது. ஓய்வுக்கு முன் யூனிட் வழியாகப் பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்குநரகப் படிப்புகளுக்கு விண்ணப்பியுங்கள், ஜே.சி.ஓ.க்களுக்கும் (நாயப் சுபேதார், சுபேதார் போன்றோர்) ஜவான்களுக்கும் கட்டணத்தை இயக்குநரகமே செலுத்துகிறது. டிஸ்சார்ஜ் புக் கைக்கு வந்ததும் வேலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிந்துகொள்ளுங்கள். பெரும் பணம் கேட்கும் ‘சர்வதேசப் பயிற்சியாளர்’ சான்றிதழ்களில் ஓய்வூதியப் பணத்தைப் போடாதீர்கள்.

பயோடேட்டாவில் ‘பிளட்டூன் ஹவில்தார்’ என்று மட்டும் எழுதினால் ஒருவருக்கும் விளங்காது. ‘முப்பது பேர் கொண்ட அணியின் அன்றாடப் பொறுப்பு, பணிப் பங்கீடு, பயிற்சி, புதியவர்களைத் தயார்செய்தல்’ என்று எழுதுங்கள். எந்த இடத்தில் இருந்தீர்கள், எந்தக் கருவியைக் கையாண்டீர்கள் என்பது மட்டும் வேண்டவே வேண்டாம். சமூக ஊடகப் பக்கத்துக்கும் இதே விதி.

கேள்வி: குறுகிய காலப் பணியில் இருக்கும் கேப்டன், காட்பாடிக்காரன். பயிற்சியாளராவதா, மனிதவளத் துறைக்குப் போவதா?

பதில்: உங்கள் வயதுக்கு மனிதவளத் துறையில் திறன் மேம்பாட்டுப் பிரிவுதான் சரி. அதிகாரிகளுக்காக ஐ.ஐ.எம்.களில் நடக்கும் 24 வார மேலாண்மைப் படிப்புக்கு முயலுங்கள். கட்டணத்தில் ஒரு பகுதியை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். நேர்காணலில் சொல்ல உங்களிடம் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. அதிகாரிகளைத் தேர்வுசெய்யும் எஸ்.எஸ்.பி. வாரியத்தில் நீங்கள் கண்ட குழுப் பணிகள், தலைவர் இல்லாத விவாதம் ஆகியவற்றின் நெருங்கிய உறவுதான் இன்று கம்பெனிகள் மேலாளர்களைத் தேர்ந்தெடுக்க நடத்தும் மதிப்பீட்டு மையம். அமெரிக்காவில் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் 1956-ல் அதைத் தொழில்துறைக்குக் கொண்டுவந்தது. பயிற்சி வடிவமைப்பில் எல்லோரும் சொல்லும் ‘ஆடி’ (ADDIE: ஆய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், செயல்படுத்தல், மதிப்பீடு) முறையும் 1975-ல் அமெரிக்கத் தரைப்படைக்காக உருவானதுதான். இதைச் சொன்னால், ‘ராணுவப் பழக்கம் இங்கே ஒத்துவருமா?’ என்று கேட்பவருக்குச் சரியான பதில் கிடைத்துவிடும்.

கேள்வி: தனியாகச் செய்தால் கட்டணம் எப்படிக் கேட்பது? (ஆற்காட்டிலிருந்து ஒரு சுபேதார்)

பதில்: தலைக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள், ஒரு பேட்ச்சுக்கு, ஒரு நாளுக்கு என்று பேசுங்கள். ஒரு நாள் வகுப்புக்கு இரண்டு மூன்று நாள் தயாரிப்பு வேண்டியிருக்கும். ஆலையைச் சுற்றிப் பார்ப்பதும் அதில் அடக்கம். ஒரு மாதம் கழித்துச் செய்யும் பார்வையிடலையும் சேர்த்தே விலை சொல்லுங்கள். பிறகு தனியாகக் கேட்டால் கிடைக்காது. ஒர்க் ஆர்டர் கையில் வந்ததும் பாதித் தொகை, அறிக்கை கொடுத்ததும் மீதி என்று எழுதி வாங்குங்கள். முந்தைய நாள் ரத்துசெய்தால் என்ன தருவார்கள் என்பதும் அதிலேயே இருக்கட்டும். ஏற்றுமதி அவசரம் வந்தால் ஆலைகள் முதலில் தள்ளிவைப்பது பயிற்சியைத்தான். தொழில்முறைக் கட்டணத்தில் பொதுவாக 10 சதவீதத்தை டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) என்று பிடிப்பார்கள். உங்கள் ஓய்வூதியத்தையும் இந்த வருமானத்தையும் சேர்த்துத்தான் வருமான வரி கணக்கிட வேண்டும். தொழிலின் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை.