போக 7 மணி, வர 20 மணியா?

கேள்வி: லண்டனில் தாதியாக வேலை செய்யும் மகளைப் பார்க்க ஜூன் மாதம் போகிறேன். இரவு 11 மணிக்குக் கோலாலம்பூரில் ஏறினால் மறுநாள் காலை 6 மணிக்கு லண்டன் என்று டிக்கெட்டில் இருக்கிறது. திரும்பும்போது காலை 11 மணிக்கு ஏறி, மறுநாள் காலை 7 மணிக்கு இறங்க வேண்டுமாம். போக 7 மணி நேரம், வர 20 மணி நேரமா? பேரனின் உலகப் படத்தில் அடிக்கோலை வைத்துப் பார்த்தேன். வழியில் சென்னை வருகிறது. மேலேயிருந்து தெரியுமா?
– ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி, சுங்கை சிப்புட்

பதில்: டிக்கெட்டில் பிழை இல்லை, அம்மா. ஏறும் நேரம் ஏறும் ஊரின் கடிகாரப்படி, இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் கடிகாரப்படி. இதை அச்சிடுகிறவர்கள் ஒரு வரி விளக்கம் சேர்த்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு நெடுநாள் கோபம்.

இரண்டையும் கூட்டுங்கள்: 27. போகும்போது கடிகாரம் விழுங்கியதை வரும்போது கக்கிவிடும்; கூட்டினால் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். பாதி பதின்மூன்றரை மணி. அதுதான் ஒரு வழிக்குச் சராசரி. ஜூனில் லண்டன் நமக்கு 7 மணி நேரம் பின்னால் இருக்கும் (அக்டோபர் கடைசி ஞாயிற்றிலிருந்து 8). ஆகவே உங்கள் டிக்கெட்டின்படி போக 14 மணி, வர 13. அந்த ஒரு மணி நேரம் காற்றின் வேலை. விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமான காற்று ஓடுகிறது. போகும்போது அது முகத்தில், வரும்போது முதுகில்.

நம் கடிகாரமும் ஒருமுறை நகர்ந்ததுதான். கடலுக்கு அப்பால் கிழக்கே உள்ள சபா, சரவாக் மாநிலங்களுடன் ஒரே நேரமாக இருக்கட்டும் என்று 1982 ஜனவரி 1 பிறந்தபோது மலேசியத் தீபகற்பத்தில் அரை மணி நேரத்தை முன்னே தள்ளினார்கள். எங்கள் தோட்டத்தில் பெரட்டு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்பு, கடிகாரத்தில் அதே மணிக்கே நடந்தது. விடிவது மட்டும் அரை மணி பிந்தியது. “மரத்துக்கு யார் போய்ச் சொல்வது?” என்று ரப்பர் மரத்தில் பால் வெட்டிய என் அப்பா கேட்டார்.

இனி சென்னை. அடிக்கோல் பொய் சொல்லவில்லை, படம்தான் சொல்கிறது. உருண்டையைத் தட்டையாக்கினால் குறுக்குவழி எது என்பதே மாறிவிடும். பேரனின் பள்ளியில் பூகோள உருண்டை இருக்கும். கோலாலம்பூரில் நூலின் ஒரு நுனியை வைத்து, லண்டன் வரை இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். நூல் வங்காள விரிகுடாவைத் தாண்டி, வட இந்தியா வழியாகக் காஸ்பியன் கடல் பக்கம் ஏறும். சென்னை வெகு தெற்கே ஒதுங்கிவிடும். அந்த நூலின் நீளம் ஏறக்குறைய 10,600 கிலோமீட்டர். 2022 முதல் உக்ரைன் வான்வெளி மூடிக் கிடப்பதால் விமானம் அந்த நூலை அப்படியே பிடித்துப் போவதும் இல்லை; சுற்றத்தான் வேண்டும். போதாததற்கு உங்களுடையது இரவு விமானம்.

சென்னையைப் பார்க்க ஆசையென்றால் அதற்குத் தனி டிக்கெட் எடுங்கள். நான்கு மணி நேரப் பறப்புதான். சுங்கை சிப்புட்டிலிருந்து சிப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் விமான நிலையத்துக்குக் காரில் போவதற்கும் கிட்டத்தட்ட அவ்வளவு ஆகிறது.

நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களானால், எந்த ஊர் நேரப்படி விழுங்குவது என்று புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.